கோஹிமாவில் ஹோம்ஸ்டே: முன்பணம் அனுப்பும் முன் என்ன கேட்பது?

நாகாலாந்தின் இரண்டாம் உலகப்போர்க் களங்களைப் பார்க்கப் போகிறவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே தயக்கம்: "குடும்பமாக நடத்துகிறார்கள், அவர்களிடம் போய் இதையெல்லாம் கேட்பதா?" தாராளமாகக் கேளுங்கள். கேட்டால் அவர்களுக்கும் நல்லதுதான்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. அவருடைய பெரியப்பா 1944-ல் கோஹிமா சண்டையில் இறந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அப்பாவை ஒருமுறை அங்கே கூட்டிப் போக ஆசை. பார்த்து வைத்திருக்கும் ஹோம்ஸ்டேயில் 'போர்க் கல்லறைக்கு 5 நிமிடம்' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? (வாசகி, திருநெல்வேலி)

ஐந்து நிமிடம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கோஹிமாவில் தூரத்தைவிடப் படிகளைத்தான் கணக்கெடுக்க வேண்டும். ஊரே ஒரு மலை முகட்டில் சரிந்து கிடக்கிறது. பல வீடுகளில் வாசல் சாலை மட்டத்தில் இருக்கும், அறைகள் அதற்குக் கீழே இரண்டு மூன்று தளங்கள் இறங்கி இருக்கும். நான் தங்கிய வீட்டில் சாலையிலிருந்து என் கட்டில்வரை 41 படிகள், பாதிக்குக் கைப்பிடி கிடையாது. அந்த வீட்டுப் பாட்டி முதுகில் கூடையோடு நிற்காமல் ஏறிப் போனார். நான் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். விளம்பரப் படங்களில் ஜன்னலும் மலையும் இருந்தன, படிகள் இல்லை.

அதனால் பணம் அனுப்புவதற்கு முன், வாசலில் தொடங்கி படுக்கைவரை நடந்து ஒரு வாட்ஸ்அப் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. கழிவறை அறையோடு சேர்ந்ததா, மேல்நாட்டு முறையா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். வெந்நீர் குழாயில் வருமா, வாளியில் தருவார்களா என்று தனியாகக் கேளுங்கள். குளிர்காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. வாளி வெந்நீர் என்றால் அது குறை இல்லை, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிளம்புவதற்கு முன் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெரியப்பாவின் பெயரைத் தேடிப் பாருங்கள். இலவசம்தான். கோஹிமா கல்லறையில் 1,400-க்கும் மேற்பட்ட வீரர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் கல்லறையின் மேல்பகுதியில் தனி நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. உடல் கிடைக்காத பலரின் பெயர்களோ மியான்மரில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர் ஜப்பானியர் பக்கம் நின்று போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் என்றால் இந்தப் பட்டியல் எதிலும் வரமாட்டார். இதெல்லாம் அங்கே போய் நின்ற பிறகு தெரிந்தால் அப்பாவின் மனசு உடைந்துபோகும்.

பெயர் மேல்தளத்தில் இருந்தால் அங்கேயும் படிகள் உண்டு, நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வழியில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் இருந்த இடத்தில் அதன் கோடுகளை வெள்ளைக் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 1944-ல் பிரிட்டிஷ் இந்தியப் படையும் ஜப்பானியப் படையும் அந்த மைதானத்தின் இரு பக்கமும் குழி தோண்டிக் கிடந்தன, நடுவில் இருந்தது அந்தக் கோடுகளின் அகலம்தான். அப்பாவை அங்கே சற்று உட்காரவிடுங்கள்.

கேள்வி: நாகா பழங்குடிகளின் கலை விழாவான ஹார்ன்பில் திருவிழாவுக்காக மூன்று இரவுகளுக்கு ஒரு ஹோம்ஸ்டேயில் யுபிஐ மூலம் 12,000 ரூபாய் முன்பணம் அனுப்பினோம். போவதற்கு ஒரு வாரம் முன்பு, "உறவினர்கள் வந்துவிட்டார்கள், உங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஏற்பாடு செய்கிறோம்" என்றார்கள். போய்ப் பார்த்தால் அது ஊருக்கு வெளியே, ஹீட்டரும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் பதிலே இல்லை. பெரிய ஹோட்டலா, வழக்குப் போட? (வாசகர், ஈரோடு)

காசு வாங்கிக்கொண்டு தங்க இடம் தந்தால் அது சேவை. ஐந்நூறு அறை ஹோட்டலானாலும் இரண்டு அறை வீடானாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-க்கு அது ஒன்றுதான். ஒப்புக்கொண்ட அறையைத் தராமல் தரம் குறைந்த இடத்துக்கு அனுப்பியது சேவைக் குறைபாடு.

முதலில் ஒரு கடைசிச் செய்தி அனுப்புங்கள். எந்தத் தேதி, எந்த அறை, எவ்வளவு பணம், எதற்குப் பதில் எது கிடைத்தது, எவ்வளவு திருப்ப வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று நிதானமாக எழுதுங்கள். திட்ட வேண்டாம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கேயும் முடியவில்லை என்றால் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். இதற்காக நீங்கள் கோஹிமா போக வேண்டியதில்லை. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் உங்கள் ஆதாரம், போன் மாற்றும்போது அழித்துவிடாதீர்கள்.

நீங்கள் அந்த மாற்று வீட்டில் மூன்று இரவும் தங்கியிருந்தால் முழுப் பணத்தையும் எதிர்பார்க்காதீர்கள், வித்தியாசத்தைக் கேளுங்கள். அதுதான் நியாயமும்கூட.

மற்றவர்களுக்கு: ஹார்ன்பில் டிசம்பர் 1 முதல் 10 வரை, கோஹிமாவிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள கிசாமாவில் நடக்கிறது. அந்தப் பத்து நாளும் வாடகை ஏறும், முன்பணம் திரும்பாது என்ற நிபந்தனையும் சேரும். போர்க்களங்களுக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். நவம்பர் நடுவில் வானமும் தெளிவாக இருக்கும், வீட்டுக்காரர்களுக்கும் உங்களோடு அடுப்படியில் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். மழைக்காலத்தில் போவதானால், "திமாப்பூர் சாலை நிலச்சரிவில் அடைபட்டால் முன்பணம் என்ன ஆகும்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திமாப்பூரிலிருந்து கோஹிமா 74 கிலோமீட்டர், அந்தச் சாலையை மழை அடிக்கடி அடைத்துவிடும்.

கேள்வி: ஹோம்ஸ்டேக்காரர் பில் தரமாட்டேன் என்கிறார். ஜிஎஸ்டி ஏய்ப்பா? (வாசகர், சென்னை)

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட வேண்டாம். நாகாலாந்தில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வருவாய் 10 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இரண்டு மூன்று அறை வைத்திருக்கும் குடும்பம் அதற்குள்ளேயே இருக்கலாம். அப்படிப்பட்டவர் உங்களிடம் நேரடியாக ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. ஆன்லைன் தளம் வழியாகப் பதிவு செய்தால் வரியை அந்தத் தளமே கட்டும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். ஆனால் வரி பில் வேறு, ரசீது வேறு. பணம் பெற்றதற்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை.

கேள்வி: நாங்கள் சைவம். 'சாப்பாடு உட்பட' என்று கட்டணம் சொல்கிறார்கள். சமாளிக்க முடியுமா? (வாசகி, கும்பகோணம்)

முடியும், ஆனால் முன்பே சொல்ல வேண்டும். நாகா அடுப்படியில் புகையில் காயவைத்த பன்றி இறைச்சியும் புளிக்கவைத்த சோயாவும் மூங்கில் குருத்தும் அன்றாடச் சமையல். அடுப்புக்கு மேலே இறைச்சி தொங்கிக்கொண்டிருக்கும். அதே அறையில்தான் உங்களுக்கும் சமைப்பார்கள். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டுக் குழம்பை ஊற்றிவிடலாம், அது அவர்கள் தவறும் இல்லை. தனிப் பாத்திரம் வேண்டும், மீன், கருவாடு, முட்டை எதுவும் கூடாது என்று விவரமாகச் சொல்லுங்கள். சோறு, வேகவைத்த கீரை, உருளைக்கிழங்கு, பருப்பு நிச்சயம் கிடைக்கும். தனிப் பாத்திரம் சரிப்படாது என்று அவர்கள் சொன்னால் அந்த நேர்மையை மதித்து வேறு இடம் பாருங்கள். பக்கத்தில் கடை இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்தில் இருப்பார்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அன்று வண்டி கிடைப்பதும் கஷ்டம்.

கேள்வி: ஐ.எல்.பி. வாங்கித் தருகிறேன் என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். தேவையா? (வாசகர், கோவை)

அனுமதி தேவை, தரகர் தேவையில்லை. ஐ.எல்.பி. என்பது பிற மாநிலத்தவர் நாகாலாந்துக்குள் நுழைவதற்கான இன்னர் லைன் பெர்மிட். அதை நாகாலாந்து அரசின் இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் கூட வந்தால் கதை வேறு. 2024 டிசம்பரில் வெளிநாட்டவருக்கான பாதுகாக்கப்பட்ட பகுதிக் கட்டுப்பாடு திரும்பவும் வந்துவிட்டது, அவருக்குத் தனி அனுமதி வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன் அதை முடித்துவிடுங்கள்.

கேள்வி: அங்கே வீடுகளில் போர்க்காலத் தோட்டாக் கூடுகள், ஹெல்மெட் எல்லாம் வைத்திருப்பார்களாமே. வாங்கி வரலாமா? (கல்லூரி மாணவர், வேலூர்)

ஆசை புரிகிறது. நான் தங்கிய வீட்டிலும் பாட்டி ஒரு பித்தளை ஷெல் கூட்டை எடுத்துக் காட்டினார். அடிப்பாகத்தில் பொறித்த எண்கள் அரைகுறையாகத் தெரிந்தன, உள்ளே உலர்ந்த சோள விதை போட்டு வைத்திருந்தார். விலை கேட்க எனக்கும் வாய் வரை வந்தது.

வாங்காதீர்கள். உயிருள்ள தோட்டா பையில் சிக்கினால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. வெறும் கூடு என்றாலும் திமாப்பூர் விமான நிலையத்தில் பையைத் திறந்து விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும். வெடிக்காத குண்டுகள் அந்த மலைகளில் இன்னமும் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கின்றன. எது வெறும் கூடு, எது இல்லை என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். காட்டுப் பாதையில் துருப்பிடித்து ஏதாவது கிடந்தால் கையில் எடுக்காமல் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், யாரிடம் தெரிவிப்பது என்று அவருக்குத் தெரியும்.

கையில் எதையாவது கொண்டுவர வேண்டும் என்றால் அந்த வீட்டுப் பெண்கள் நெய்த சால்வையைக் கேளுங்கள். அதற்கும் ஒரு விவரம் உண்டு: சில சால்வைகள் குறிப்பிட்ட இனத்தாருக்கும் தகுதிக்கும் உரியவை. "வெளியாள் நான் போர்த்திக்கொள்ளலாமா?" என்று கேட்டு, அவர்களே எடுத்துத் தருவதை வாங்குங்கள்.