காட்டுப் பரப்பின் கெழு நேர்மறையாக வந்தது ஏன்?

வணக்கம். பொருளாதார வளர்ச்சி, ஆற்றல் நுகர்வு, காட்டுப் பரப்பு ஆகியவற்றைக் கொண்டு ஒரு நாட்டின் கரியமில வாயு உமிழ்வை விளக்க முயன்றதில், காட்டின் கெழு (மற்றவை மாறாதபோது காட்டுப் பரப்பு ஓர் அலகு கூடினால் உமிழ்வு எவ்வளவு மாறும் என்று காட்டும் எண்) நேர்மறையாக வந்ததாக எழுதியிருந்தீர்கள். காடு உமிழ்வைக் கூட்டுகிறது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பரவலாகப் பயன்படும் உமிழ்வுத் தரவு, எரித்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் அளவை உமிழ்வுக் காரணியால் (ஓர் அலகு எரிபொருள் வெளியிடும் வாயுவின் அளவால்) பெருக்கிப் பெறப்படுவது. காடழிப்பால் வெளியேறுவதும் மரங்கள் உறிஞ்சுவதும் பெரும்பாலும் அதில் இடம்பெறுவதில்லை. நிலப்பயன்பாட்டு மாற்றத்தின் உமிழ்வையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் பாருங்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது ஆற்றல் மாறிதான்: எரிபொருளிலிருந்தே கணக்கிடப்பட்ட உமிழ்வை மொத்த ஆற்றல் நுகர்வைக் கொண்டு விளக்கினால், மாதிரி தரவோடு பொருந்தும் அளவு உயர்வாகத் தெரிவதில் வியப்பில்லை. மாறாக, புதைபடிவம் சாராத ஆற்றலின் பங்கை வையுங்கள். ஆண்டுதோறும் ஒரே திசையில் நகரும் தொடர்களுக்கிடையே பொய்த் தொடர்பு எளிதில் தோன்றும் என்பதால், அலகு மூலச் சோதனையை (ஒரு தொடர் நிலையான போக்குக்குத் திரும்பாமல் விலகிச் செல்கிறதா என்று பார்ப்பதை) முதலில் செய்துவிடுங்கள்.