கோவொர்க்கிங் இடத்தில் உறுப்பினர்கள் அழைத்து வரும் விருந்தினர்களுக்கு என்ன விதிமுறை வைக்கலாம்?

கோவையில் 40 இருக்கைகளுடன் ஒரு கோவொர்க்கிங் இடத்தை, அதாவது பலர் கட்டணம் கொடுத்துப் பகிர்ந்துகொள்ளும் அலுவலகத்தை, தொடங்கப் போவதாகவும், ஓர் உறுப்பினருக்கு மாதம் இத்தனை விருந்தினர் என்று வரம்பு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஒரு கோவொர்க்கிங் இடத்தை நிர்வகிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணிக்கையை விடுங்கள். வருகிறவர் எதைப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள்.

உறுப்பினரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகிறவர் வேறு. நாற்காலியை இழுத்துப் போட்டு, லேப்டாப்பைத் திறந்து, சார்ஜரைச் செருகுகிறவர் வேறு. முதலாமவர் தாராளமாகக் காபி குடித்துவிட்டுப் போகட்டும். இரண்டாமவர், உறுப்பினரின் தம்பியாகவே இருந்தாலும், ஒருநாள் பாஸ் வாங்க வேண்டும். மாதம் ஐந்து பேர் என்று வைத்தால், ஒழுங்காகப் பதிவு செய்பவருக்குத்தான் கணக்கு தீரும். சொல்லாமல் நண்பரை உட்கார வைப்பவரை அது தொடவே தொடாது.

உண்மையான நெருக்கடி நேர்காணல் நாட்களில் வரும். ஆள் எடுக்கும் ஒரு சிறு நிறுவனம் ஒரே காலையில் எட்டுப் பத்துப் பேரை வரச் சொல்லிவிடும். கையில் ஃபைலுடன் சோபா நிறைய உட்கார்ந்திருப்பார்கள்; பக்கத்து மேசைக்காரர் போனில் பேச இடம் தேடி மாடிப்படிக்குப் போவார். ஆகவே நேர்காணலுக்கு மீட்டிங் அறை கட்டாயம். நேரத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் முந்தைய நாளே வரவேற்பு மேசைக்கு வந்துவிட வேண்டும். பட்டியல் நமக்காக மட்டும் அல்ல. வேலை தேடி வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தி, யார் வரச் சொன்னது என்று குடைவதை என்னால் பார்க்க முடியாது.

வருகைப் பதிவேடு என்று ஒரு நோட்டைத் திறந்து வைக்காதீர்கள். முன்னால் வந்த பெண்ணின் கைபேசி எண்ணை அடுத்து வருகிறவர் படித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பதும் வெளியே தெரியும். பெயர், பார்க்க வந்தவர், வந்த நேரம், போன நேரம் போதும். ஆதார் நகல் வேண்டாம். டேப்லெட்டில் பதிவதாக இருந்தால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பாருங்கள். எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும்.

வைஃபை தனியாக இருக்கட்டும். உறுப்பினர்களின் பிரிண்டரும் கோப்புகளும் இருக்கும் இணைப்பில் விருந்தினரைச் சேர்க்காதீர்கள்.

பலரும் மறந்துவிடும் ஒரு வருகையாளர் ஜிஎஸ்டி அதிகாரி. உங்கள் முகவரியில் ஜிஎஸ்டி பதிவு செய்த உறுப்பினர் இருந்தால், நேரில் சரிபார்க்க அவர் வரக்கூடும். ஜிஎஸ்டி விதி 25இன்படி அவர் புகைப்படங்களுடன் அறிக்கை பதிவேற்ற வேண்டும். அந்த நேரத்தில் வரவேற்பு மேசையில் இருப்பவர், அப்படி ஒரு நிறுவனம் இங்கே இல்லையே என்று சொல்லிவிட்டால் உறுப்பினரின் பதிவே சிக்கலாகும். அப்படி உங்கள் முகவரியில் பதிவு செய்தவர்களின் பட்டியல், ஒப்பந்த நகல், யாரை அழைக்க வேண்டும் என்ற குறிப்பு மூன்றும் மேசையிலேயே இருக்கட்டும். இவருக்கு விருந்தினர் விதி எதுவும் பொருந்தாது.

ஊழியர்கள் கிளம்பிய பிறகு, முன்கூட்டிச் சொல்லாமல் யாரையும் அழைத்து வரக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தனியாக வேலை செய்துகொண்டிருக்கும் இன்னோர் உறுப்பினருக்கு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

விதியை மீறினால் விருந்தினரிடம் எதுவும் சொல்லாதீர்கள். அவர் போன பிறகு, உறுப்பினரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். இரண்டாம் முறையும் நடந்தால் பாஸ் கட்டணத்தை அவருடைய மாத பில்லில் சேர்த்துவிடுங்கள். அப்படிச் சேர்க்கப்படும் என்பதைச் சேர்க்கை ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள்.