டெல்டாவில் இருந்துகொண்டு ஆர்கானிக் அரிசி வாங்குவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊரில் புதிதாக ஏசி போட்ட ஆர்கானிக் கடை திறந்திருக்கிறார்கள். கருப்புக் கவுனி கிலோ 220 ரூபாய். பாக்கெட்டில் 'இயற்கை', 'பாரம்பரியம்' என்று போட்டிருக்கிறது. "நம்ம ஊர் வயல்ல விளையுற அரிசிக்கு இவ்வளவு காசா" என்கிறார் மாமியார். நம்பி வாங்கலாமா? – வாசகி, கும்பகோணம்

பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்னால் இருக்கும் 'இயற்கை', 'பாரம்பரியம்' இதெல்லாம் ரசாயனம் போடாமல் விளைந்தது என்பதற்குச் சான்று ஆகாது. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் உணவு வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் உள்ள உரிமம், அதுவும் சான்று ஆகாது. ஆர்கானிக் என்று சொல்லிக் கடையில் விற்கும் பாக்கெட்டில் 'இந்தியா ஆர்கானிக்' முத்திரையோ 'பிஜிஎஸ் இந்தியா' (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துத் தருகிற சான்று) முத்திரையோ இருக்க வேண்டும், கூடவே அந்த ஆணையத்தின் 'ஜைவிக் பாரத்' என்ற ஆர்கானிக் முத்திரையையும் பார்க்கலாம். பிஜிஎஸ்ஸில் 'கிரீன்' என்று இருந்தால் அந்த நிலம் இன்னும் இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறது, முழுசாக மாறவில்லை என்று அர்த்தம்.

பாரம்பரிய ரகம் என்றாலே மருந்து அடிக்காதது என்று நிறைய பேர் நினைத்துக்கொள்கிறார்கள். கவுனியை யூரியா போட்டும் விளைவிக்கலாம். உயரமாக வளர்கிற ரகம், யூரியாவில் இருக்கிற தழைச்சத்து கூடினால் காற்றுக்கும் மழைக்கும் சாய்ந்துவிடும், அதனால் விவசாயி தானாகவே உரத்தைக் குறைத்துத்தான் போடுவார். ஆனால் குறைத்துப் போட்டதும் போடாததும் ஒன்றில்லையே.

விலைக்கு வருவோம். உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. 2025-26 பருவத்துக்குக் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல் குவிண்டால் 2,545 ரூபாய், அதாவது கிலோ 25 ரூபாய் சொச்சம். கவுனி ஏறக்குறைய ஐந்து மாதப் பயிர், மகசூலும் குறைவு, அதனால் விவசாயி கூடுதலாகக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் 220 ரூபாயில் அவர் கைக்குப் போவது எவ்வளவு? கடையில் தயங்காமல் கேளுங்கள். எந்த ஊர், யாருடைய வயல், எப்போது அறுத்தது, எப்போது அரைத்தது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் தாராளமாக வாங்கலாம். "கம்பெனியிலிருந்து வருதுங்க" என்றால் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: மாப்பிள்ளைச் சம்பா வாங்கி ஒரு மாதத்தில் வண்டு வந்துவிட்டது, ஒரு மாதிரி வாடையும் அடிக்கிறது. "வண்டு வந்தாலே அது ஒரிஜினல் ஆர்கானிக்" என்கிறார் கடைக்காரர். உண்மையா? – வாசகர், மயிலாடுதுறை

இல்லை. சாதாரணப் பொன்னியிலும்தான் வண்டு வருகிறது. வாடைதான் முக்கியமான விஷயம். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, தவிடு நீக்காத அரிசியை அரைத்து நாளாகிவிட்டால் அந்த எண்ணெய் கெட்டு சிக்கு வாடை அடிக்கும். உங்களுக்குக் கிடைத்தது பழைய சரக்கு.

அடுத்த முறை கடையிலேயே ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கெட்டுப்போயிருந்தால் மூக்கு சொல்லிவிடும். அப்புறம் நாலைந்து மணியை வெளிச்சத்தில் பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பு மேல்தோலில்தான் இருக்கிறது, உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும். மேலே சிவப்பு திட்டுத்திட்டாக இருந்தால் பாலிஷ் போட்டிருக்கிறார்கள், பிறகு அந்த விலை எதற்கு? கவுனியைக் கழுவும்போது தண்ணீர் ஊதா நிறமாவது இயல்பு, பயப்பட வேண்டாம். இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு வையுங்கள், வண்டு வந்தால் நிழலில் உலர்த்திப் புடையுங்கள். சுள்ளென்ற வெயிலில் போட்டால் அரிசி வெடித்து நொய்யாகிவிடும்.

கேள்வி: மரச்செக்கு நல்லெண்ணெய் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகி, திருவாரூர்

ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமாராக இரண்டரை கிலோ எள் வேண்டும். மளிகைக் கடையில் எள் விலையைக் கேட்டு இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், எள் விலையைவிட எண்ணெய் விலை ரொம்பக் குறைவு என்றால் அது சுத்தமான எண்ணெயாக இருக்க வழியில்லை. வாங்காதீர்கள்.

கேள்வி: காய்கறி, சிறுதானியம் எல்லாவற்றையும் ஆர்கானிக் கடையிலேயே வாங்கிவிடலாமா? – வாசகர், தஞ்சாவூர்

சாமை, வரகு, கேழ்வரகு நம் வண்டல் வயலில் பெரிதாக விளைவதில்லை, ஜவ்வாது மலை, தருமபுரிப் பக்கமிருந்து வருவதைக் கடையில்தான் வாங்க வேண்டும், வாங்குங்கள். கீரையும் கத்தரிக்காயும் பிளாஸ்டிக் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அதற்கு இரட்டை விலை எதற்கு? உழவர் சந்தைக்குக் காலையில் போங்கள், விளைவித்தவரே உட்கார்ந்திருப்பார். என்ன மருந்து அடித்தீர்கள், எத்தனை நாள் ஆகிறது என்று அவரிடமே கேட்கலாம்.

கேள்வி: எனக்கு நிலம் கிடையாது. விவசாயியிடம் நேரடியாக நெல் வாங்க ஆசை. அவரிடம் ஆர்கானிக் சான்றிதழ் இல்லை. எப்படி நம்புவது? – வாசகர், மன்னார்குடி

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு விவசாயி சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை. அதனால் சான்றிதழ் இல்லை என்பதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் வயலை நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

கார்த்திகையில் போங்கள், சம்பா நிற்கும் நேரம். சாணம், கோமியம் வைத்துச் செய்கிற பஞ்சகவ்யமா, அமுதக்கரைசலா, பயிருக்கு என்ன கொடுக்கிறார் என்று கேளுங்கள். மாடு இருக்கிறதா பாருங்கள். நம் பகுதிக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது, அதை மறக்காமல் கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து பாய்கிறது? டெல்டாவில் பல இடங்களில் வயலுக்கு வயல்தான் தண்ணீர் பாயும், மேல்வயல்காரர் யூரியா போட்டால் அது கரைந்து கீழ்வயலுக்கு வந்துவிடும். வாய்க்காலிலிருந்து தனி மடை வைத்திருக்கிறாரா, பக்கத்து வயல் பக்கம் வரப்பை உயர்த்தி ஏதாவது நட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர் உண்மையாகவே அக்கறையோடு செய்கிறவர்.

யாரையும் தெரியாது என்றால் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்குப் போங்கள். அதை நடத்திவந்து 2018-ல் காலமான நெல் ஜெயராமன், இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் வழியில் வந்து 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர். இரண்டு கிலோ விதை கொடுத்து அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கி, அப்படியே பரப்பினார். திருவிழாவுக்கு வருகிற விவசாயிகளிடம் பேசினாலே உங்களுக்கு ஆள் கிடைத்துவிடும்.

தை அறுவடை முடிந்ததும் நெல்லாகவே வாங்குங்கள், நெல்லாக இருக்கும்வரை தவிடு சீக்கிரம் கெடாது. புது அரிசி குழையும், சில மாதம் இருப்பு வைத்து அரைத்தால் சோறு உதிரியாக வரும். 60 கிலோ மூட்டையை அரைத்தால் சுமார் 40 கிலோ அரிசி தேறும், தவிடு நீக்காமல் உமியை மட்டும் எடுத்தால் இன்னும் கொஞ்சம் கூட. பெரிய மில்லில் ஒரு மூட்டைக்காக மெஷின் ஓட்ட மாட்டார்கள், அதனால் மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கி ஒரே நாளில் அரைத்துக்கொள்ளுங்கள். பணத்தை விவசாயிக்கு நெல் எடுக்கிற அன்றே கொடுத்துவிடுங்கள்.