ஃபைன் கட்டியாச்சு, அப்புறம் என்ன?

கேள்வி: அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். போலீஸ் எப்போதாவது கைது செய்ததா என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. இடையில் இரண்டு ஸ்பீடிங் டிக்கெட், இரண்டுக்கும் ஃபைன் கட்டியாச்சு. “கைது ஆகலையே, ‘இல்லை’ன்னு போட்டுடு” என்கிறார் நண்பர். போடலாமா?
– ஒரு வாசகர், வர்ஜீனியா

பதில்: உங்கள் நண்பர் கேள்வியைப் பாதிதான் படித்திருக்கிறார். கைதானீர்களா என்பதோடு அது நிற்கவில்லை, ‘சைட்டட்’, அதாவது குற்றச்சீட்டு வாங்கினீர்களா என்று ஒரு வார்த்தையும் கூடவே இருக்கிறது. போலீஸ்காரர் கார் ஜன்னலோரம் நின்று எழுதிக் கொடுத்தாரே, அந்தச் சீட்டும் அதில் சேர்த்தி. அதனால் ‘ஆம்’ போட்டு, தேதி, ஊர், எதற்காக, எவ்வளவு கட்டினீர்கள் என்று எழுதிவிடுங்கள். மது, போதை சம்பந்தமில்லாமல், கைதும் இல்லாமல், 500 டாலருக்குக் குறைந்த ஃபைனோடு முடிந்த டிராஃபிக் விவகாரத்துக்கு ஆவணம் இணைக்க வேண்டியதில்லை என்று படிவத்தின் வழிமுறையிலேயே இருக்கிறது. ஆனாலும் ரசீதை நேர்காணலுக்கு எடுத்துப் போங்கள், அதிகாரி கேட்டால் நீட்டலாம்.

வர்ஜீனியா என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அந்த மாநிலத்தில் குறித்த வேகத்துக்கு மேல் மணிக்கு 20 மைல் கூடப் போனாலோ, 85 மைலைத் தாண்டினாலோ அது ‘ரெக்லஸ் டிரைவிங்’ (கண்மூடித்தனமாக ஓட்டுவது), அதாவது 12 மாதம் வரை ஜெயில் போடக்கூடிய கிரிமினல் குற்றம். கோர்ட்டுக்குப் போய் ஃபைன் கட்டிவிட்டு வந்தவர்களே “சும்மா ஸ்பீடிங்தான்” என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பழைய சீட்டை எடுத்து என்ன பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். ரெக்லஸ் என்று இருந்தால், வழக்கு எப்படி முடிந்தது என்பதற்குக் கோர்ட் கிளார்க்கிடம் சான்றிட்ட நகல் வாங்காமல் மனுவை அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, 2025 ஆகஸ்டில் யூ.எஸ்.சி.ஐ.எஸ். (உங்கள் மனுவைப் பரிசீலிக்கிற அமெரிக்கக் குடிவரவுத் துறை) சிட்டிசன்ஷிப்புக்கு வேண்டிய நன்னடத்தை பற்றி வெளியிட்ட குறிப்பில், கண்மூடித்தனமான அல்லது வழக்கமாகிப்போன டிராஃபிக் மீறல்களையும் கணக்கில் எடுக்கலாம் என்று வந்திருக்கிறது. இரண்டு டிக்கெட்டை யாரும் ‘வழக்கம்’ என்று சொல்லமாட்டார்கள் என்பது என் கணிப்பு, ஏழெட்டு என்றால் கதை வேறு. மறைத்தால் மட்டும் வம்பு. நேர்காணலில் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேசுவீர்கள், அங்கே சிட்டிசன்ஷிப் கிடைக்கவேண்டும் என்று சொல்கிற பொய்யே நன்னடத்தை இல்லை என்பதற்குப் போதுமான காரணம். டிக்கெட்டை மன்னிக்கிற அதிகாரி அதை மன்னிக்கமாட்டார்.

கேள்வி: எங்கள் மாநிலத்தில் கஞ்சாவுக்குத் தடை இல்லை. பொது இடத்தில் புகைத்ததற்குச் சின்ன ஃபைன் போட்டார்கள். இதையும் எழுதணுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: எழுதணும், ஆனால் இன்றைக்கே மனுவைப் போட்டுவிடாதீர்கள். மாநிலம் விட்டாலும் மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் குற்றம்தான், குடிவரவு அதிகாரி பார்ப்பது மத்திய சட்டத்தை. ஃபைன் பத்து டாலராக இருந்தாலும் சரி, முதலில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். டிக்கெட்டுக்கு வாதாடுகிற வக்கீல் இல்லை, குடிவரவு வக்கீல்.