குகையில் கிடந்த குரங்கு எலும்புகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இலங்கையில் புளத்சிங்களவுக்கு அருகேயுள்ள பாகியன்கல குகையில் கிடைத்த எலும்புகள் ஆதி மனிதர் தின்று போட்டவை என்கிறீர்கள். சிறுத்தை இழுத்து வந்திருக்கக் கூடாதா?

கேட்க வேண்டிய கேள்விதான். குகை என்றால் சிறுத்தை வரும், ஆந்தை அடையும், முள்ளம்பன்றி எலும்பைக் கொண்டுவந்து கொறிக்கும். அதனால் இன்ன விலங்கு என்று பார்ப்பதோடு எலும்பின் மேற்பரப்பையும் விடாமல் பார்ப்போம். குரங்கின் மேற்கை எலும்பு ஒன்றை விளக்கொளி சாய்வாக விழும்படி பிடித்து, உருப்பெருக்கியில் பாருங்கள். முழங்கை மூட்டை ஒட்டி மெல்லிய நேர்க்கீறல்கள் தெரிந்தால், அடிப்பகுதி 'வி' போலக் கூராக இருந்தால், அது கல்லின் வேலை. மூட்டைக் கழற்ற தசைநாரை அறுக்கும் இடமும் அதுதான். சிறுத்தைப் பல் குழியும் அகலமான பள்ளமுமாகப் பதியும். முள்ளம்பன்றியின் முன்பல் அருகருகே பட்டையாகச் சுரண்டியிருக்கும். ஆந்தையின் வயிற்றுக்குள் போய் வந்தது அமிலம் அரித்து வழவழவென்று இருக்கும்.

பாகியன்கலவில் வெட்டுக் கீறல்கள், தீப்பட்ட எலும்புகள், கற்கருவிகள், எலும்பில் செய்த கூர்முனைகள் எல்லாம் ஒன்றாகவே கிடைக்கின்றன. வேட்டையாடும் விலங்குகளின் பல் தடம் அரிது.

எலும்பு கருகியிருந்தால் சுட்டுத் தின்றார்கள் என்றுதானே பொருள்?

அவசரப்படக் கூடாது. தின்றபின் அடுப்பில் எறிந்தாலும் கருகும். பிற்காலத்தில் மேலே மூட்டிய நெருப்பின் சூடு மண்ணுக்குள் இறங்கியும் கருகும். சதை மூடாத நுனி மட்டும் கருகி, நடுப்பகுதி நிறம் மாறாமல் இருந்தால் வாட்டியிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு.

மரையும் (கடமான்) மானும் இருந்த காட்டில் போயும் போயும் குரங்கையும் அணிலையுமா தின்றார்கள்?

'போயும் போயும்' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 2019-இல் வெளியான ஆய்வின்படி, சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இக்குகையில் குரங்கும் மலை அணிலும்தான் பெரும்பங்கு. மரை, மான், பன்றி எலும்புகளும் உண்டு, கொஞ்சம்தான். அடர்ந்த மழைக்காட்டில் தரையில் புல் குறைவு, மேயும் விலங்குகள் பெருங்கூட்டமாகச் சேராது. தீனி மேலே, மரக்கிளைகளில்தான். இப்படிப்பட்ட காட்டில் வேட்டையை மட்டும் நம்பி மனிதர் நிலைக்க முடியாது என்று நெடுங்காலம் வாதிட்டவர்கள் உண்டு. இந்தக் குகை அவர்களுக்கு நல்ல பதில்.

இன்னொரு தடயம் வயது. குட்டியின் நீள எலும்புகளில் மூட்டு நுனி ஒட்டியிருக்காது. பல்லும் முழுதாக முளைத்திருக்காது. இங்கே முதிர்ந்த, திடமான விலங்குகளே அதிகம். கையில் அகப்பட்ட கிழட்டையும் நோஞ்சானையும் அடித்தவர்கள் அல்ல, குறி வைத்து எடுத்தவர்கள். குட்டிகளை விட்டுவைத்து இனத்தைக் காத்தார்கள் என்றும் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பெரிய விலங்கில் இறைச்சி அதிகம் என்ற கணக்கே போதுமானது.

எண்ணிக்கையை அப்படியே சாப்பாட்டுத் தட்டாக வாசிப்பதும் தவறு. குரங்கை முழுசாகத் தோளில் போட்டுக் கொண்டுவரலாம். மரையை விழுந்த இடத்திலேயே அறுத்து இறைச்சியை மட்டும் சுமந்தால் எலும்பு குகைக்கே வராது. ஒரு மரையின் இறைச்சியோ பல குரங்குகளுக்குச் சமம்.

மர உச்சியில் தாவுகிற குரங்கை எப்படிப் பிடித்தார்கள்?

கூர்முனைகளைப் பாருங்கள். பல குரங்கு எலும்பிலேயே செய்தவை. தின்றதன் மிச்சமே அடுத்த வேட்டைக்கு ஆயுதம். 2020-இல் வெளியான ஆய்வு, சில முனைகளின் நுனி வேகமாக மோதி உடைந்திருப்பதைக் காட்டி வில் அம்பு என்கிறது. அந்த முனைகள் 48,000 ஆண்டுகள் வரை பழமையானவை. வில்லோ நாணோ கிடைக்கவில்லை, மட்கியிருக்கும். கண்ணி வைத்தும் பிடித்திருக்கலாம், ஆனால் நார்க் கண்ணி தடயம் விட்டுப்போகாது.

அப்படியானால் ஆதி மனிதர் முழு அசைவம். ஆதி மனிதர் உணவு என்று சொல்லி இறைச்சியை அதிகம் தின்னும் பேலியோ டயட்டுக்கு இது ஆதாரமா?

இல்லை. எலும்பு நிலைக்கும், கிழங்கு நிலைக்காது. அதனால்தான் அகழ்வுக் குழியில் இறைச்சி மட்டுமே தெரிகிறது. இலங்கைக் குகைகளில் மண்ணை நீரில் அலசிச் சலித்தபோது கருகிய காட்டுப் பலாக் குடும்பத்து விதைகளும் கொட்டைகளின் ஓடுகளும் வந்தன. மர நத்தை ஓடுகளோ குவியல் குவியலாக உண்டு. தவிர, அந்த மனிதர்களின் பல் எனாமலில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள்; காட்டு உணவா, புல்வெளி உணவா என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும்) அளந்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்களுடைய உணவு பெரும்பாலும் காட்டிலிருந்துதான் என்று அது காட்டுகிறது. எவ்வளவு இறைச்சி, எவ்வளவு கிழங்கு என்று அந்த அளவு பிரித்துச் சொல்லாது. உங்கள் டயட்டை மருத்துவரிடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் அதிரம்பாக்கம் என்ற கற்கால இடம் இன்னும் பழையதாயிற்றே, அங்கே என்ன தின்றார்கள்?

அங்கே கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுகள் வரை போகின்றன, ஆனால் கிடைத்த விலங்குப் பற்கள் மிகச் சில. திறந்த வெளி மண்ணில் எலும்பு கரைந்துபோகும். சில பற்களை வைத்து அக்காலத்து மெனுவை எழுத முடியாது.

எங்கள் ஊர்ப் பாறை இடுக்கில் பழைய எலும்புகள் கிடக்கின்றன. அனுப்பி வைக்கலாமா?

வேண்டாம். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் பாதிச் செய்தி போயிற்று. பக்கத்தில் ஸ்கேல் ஒன்றை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். கழுவவும் வேண்டாம்.