முயல் கதைன்னா இளக்காரமா?

கேள்வி: அயர்லாந்துல குழந்தைங்களுக்கு எழுதறவங்களுக்குன்னே தனியா ஒரு தேசியப் பட்டம் குடுக்கறாங்களாமே. யேட்ஸ், ஜாய்ஸ், பெக்கெட்னு பெரிய எழுத்தாளர்கள் வந்த நாட்டுல முயல் கதை, கரடிக் கதை எழுதறவங்களுக்கு இவ்ளோ ஏற்பாடு தேவையா? பக்கத்துலயே லண்டன் இருக்கு, அதே இங்கிலீஷ், அங்க இருந்து வர்ற புக்கை வாங்கிப் படிச்சா போதாதா?
— வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: முயல், கரடின்னு ரெண்டு பேர் எடுத்திருக்கீங்க, ரெண்டுமே நிஜமா இருக்கற கதைங்க, ரெண்டும் அயர்லாந்து தீவோட வடக்குப் பக்கத்துல இருந்து வந்தது, அதனால அங்கயே ஆரம்பிக்கறேன். முயல் கதையை எழுதினவர் சாம் மெக்பிராட்னி. பெல்ஃபாஸ்ட்ல பொறந்தவர், ஸ்கூல் வாத்தியார். 1994ல வந்த அந்தப் புக்ல மொத்தமே நானூறு வார்த்தை கூட கிடையாது. ஒரு குட்டி முயல் ரெண்டு கையையும் விரிச்சு உன்னை இவ்ளோ பிடிக்கும்னு காட்டுது, பெரிய முயலும் விரிக்குது, அதோட கை நீளம், குட்டி தோத்துடுது, உடனே கையைத் தூக்கிக் காட்டுது, குதிச்சுக் காட்டுது, ஆத்தைத் தாண்டி மலை வரைக்கும்னு தூரத்தைக் காட்டுது, அப்புறம் தூக்கம் சொக்கிடுது. அவ்ளோதான் கதை. அஞ்சு கோடி பிரதி போயிருக்கு. அன்புக்கு அளவு கிடையாதுங்கறத ஒரு பெரிய வார்த்தை கூட போடாம நாலு வயசுப் பிள்ளைக்கு சொல்றது சின்ன வேலை இல்லைங்க. கரடிக் கதை மார்ட்டின் வாடெலோடது, அவரும் பெல்ஃபாஸ்ட்ல பொறந்தவர்தான், இருட்டுக்கு பயந்து தூங்காத ஒரு குட்டிக் கரடி. அவருக்கு 2004ல ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைச்சுது, குழந்தை எழுத்துக்கு உலகத்துல அதுக்கு மேல ஒரு விருது கிடையாது.

இப்ப லண்டன் விஷயத்துக்கு வர்றேன், நீங்க கேட்டதுல எனக்கு ரொம்ப உறுத்தினது அதுதான். நம்ம ஆளுங்களுக்கு அயர்லாந்துன்னா கால்டுவெல் பொறந்த நாடு, ஆஸ்கர் வைல்டோட நாடு. வைல்டோட அந்த இளவரசன் சிலை, குருவி கதை 1888ல வந்துச்சு, வந்தது லண்டன் பதிப்பகத்துல இருந்து. 1930கள்ல பட்ரிஷியா லிஞ்ச்னு ஒருத்தங்க, அடுப்பெரிக்க சதுப்பு நிலத்து மண்கட்டி வெட்டறவரோட கழுதையை வச்சு எழுதினாங்க, மண்ணு வாசனையோட முழுக்க முழுக்க அயர்லாந்துக் கதை, அதுவும் லண்டன்லதான் அச்சாச்சு. நான் சொன்ன முயலும் கரடியும் கூட லண்டன் பதிப்பகம் போட்டதுதான். எழுதற கை அயர்லாந்தோடது, எந்தக் கதை வரணும் எது வேண்டாம்னு முடிவு பண்ற மேஜை மட்டும் லண்டன்ல. அந்த மேஜைல இருக்கறவர் கெட்டவர்னு நான் சொல்லல, அவர் அவரோட ஊர் குழந்தையை மனசுல வச்சுத்தான் முடிவு பண்ணுவார், யாரா இருந்தாலும் அப்படித்தான் பண்ணுவாங்க.

அந்த மேஜை அயர்லாந்துத் தலைநகர் டப்ளினுக்கு வந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 1974ல ஓ'பிரையன் பிரஸ்னு ஒரு பதிப்பகம் டப்ளின்ல ஆரம்பிச்சாங்க. அவங்க 1990ல மரிட்டா கான்லன் மெக்கென்னாங்கறவங்களோட ஒரு நாவல் போட்டாங்க. அயர்லாந்தோட உருளைக்கிழங்குப் பஞ்சம் தெரிஞ்சிருக்கும், 1845ல ஆரம்பிச்சது, பத்து லட்சம் பேர் செத்தாங்க, இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினாங்க. அந்தப் பஞ்சத்துல அப்பா அம்மா இல்லாம போன மூணு பிள்ளைங்க, ஐலி, மைக்கேல், பெக்கி, அம்மா சொன்ன கதைல வர்ற பெரிய அத்தைங்களைத் தேடி நடக்கறாங்க. கதை தொடங்கும்போதே கைக்குழந்தை செத்துடுது, ஒரு ஹாத்தார்ன் முள்மரத்துக்கு அடில புதைக்கறாங்க. நூத்தம்பது வருஷமா வீட்டுல பெரியவங்க வாயைத் திறந்து பேசத் தயங்கின ஒரு விஷயத்தை பத்து வயசுப் பிள்ளை கையில நேரா குடுத்த புக் அது. இன்னிக்கும் அங்க ஸ்கூல்ல கிளாஸ்ல உக்காந்து படிக்கறாங்க. இதை லண்டன் போட்டிருக்குமா? போட்டிருக்கலாம். ஆனா ஒரு நாடு தன் பிள்ளைங்களுக்கு தன் துக்கத்தைச் சொல்றதுக்கு 'போட்டிருக்கலாம்'ங்கறத நம்பி எவ்ளோ நாள் உக்காந்திருக்க முடியும், சொல்லுங்க.

இன்னொண்ணு, இதுக்கும் முன்னாடி நடந்தது, எனக்கு எப்ப நினைச்சாலும் சிலிர்க்கும். 1937ல இருந்து 39 வரைக்கும் அயர்லாந்து ஆரம்பப் பள்ளிகள்ல பெரிய கிளாஸ் பிள்ளைங்களுக்கு கட்டுரை எழுதறதுக்குப் பதிலா ஒரு வேலை குடுத்தாங்க. வீட்டுக்குப் போ, பாட்டிகிட்ட கேளு, பக்கத்து வீட்டு தாத்தாகிட்ட கேளு, கேட்டதை எழுதிட்டு வா. ஊர்ல புதையல் எங்க இருக்குன்னு சொல்வாங்க, மழை வரும்னு எதை வச்சு தெரிஞ்சுக்குவாங்க, பல்வலிக்கு என்ன கைவைத்தியம், பஞ்சத்தப்ப நம்ம தெருவுல என்ன நடந்துச்சு. ஐயாயிரம் ஸ்கூல், கிட்டத்தட்ட 7,40,000 பக்கம் சேர்ந்துச்சு. இப்ப அந்த நோட்டெல்லாம் ஸ்கேன் பண்ணி நெட்ல இருக்கு, நான் பாத்திருக்கேன். மை தொட்டு எழுதின கோடு போட்ட நோட்டு, எழுதின பிள்ளையோட பேரு, யார்கிட்ட கேட்டேன், அவருக்கு என்ன வயசு, எந்த ஊர்னு கீழயே இருக்கு. ஒரு தலைமுறையே தன் ஊர்க் கதையை நாட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கு, ஆனா அதே பிள்ளைங்க கடைக்குப் போனா கையில கிடைச்ச புக்ல பெரும்பாலும் இங்கிலாந்து போர்டிங் ஸ்கூல். இந்தக் கடனைத்தான் இப்ப அடைக்கறாங்கன்னு எனக்குத் தோணுது.

மொழி விஷயம் இதைவிட நெருக்கடி. 2022 கணக்கெடுப்புல அயர்லாந்து ஜனத்தொகை 51 லட்சம், அந்த நாட்டோட சொந்த மொழியான ஐரிஷை ஸ்கூலுக்கு வெளில தினமும் பேசறவங்க வெறும் 71,968 பேர். எழுபதாயிரம் பேர் பேசற மொழில கலர் படப் புக் போட்டா எந்தப் பதிப்பகத்துக்கு கட்டும்? இங்கதான் பிரஸ் சூட்சுமம் ஒண்ணு இருக்கு. படப் புக்கை நாலு கலர்ல அடிக்கும்போது எழுத்தை கறுப்புல மட்டும் வச்சுட்டா மத்த மூணு கலர் பிளேட்டும், அதாவது அச்சுத் தகடும், அப்படியே இருக்கும், கறுப்பு பிளேட்டை மட்டும் மாத்தினா புக் வேற மொழி ஆயிடும். அதனால நாலஞ்சு மொழிக்காரங்க சேர்ந்து ஒரே ஓட்டமா ஓட்டி அச்சுச் செலவைப் பிரிச்சுக்குவாங்க, சின்ன மொழிக்கும் வழவழன்னு நல்ல பேப்பர்ல கலர் புக் கிடைச்சுடும். இதுக்காகவே ஓவியர்கிட்ட படத்துக்குள்ள கடைப் பலகை, கடுதாசின்னு எழுத்தை வரையாதீங்கன்னு முன்கூட்டியே சொல்லிடுவாங்க. ஆனா இப்படி வர்றதுல ஒரு குறை இருக்கு, படம் யாரோடதோ, வீடு யாரோடதோ, மொழி மட்டும்தான் நம்மளோடது. ஐரிஷ்லயே யோசிச்சு ஐரிஷ்லயே எழுதி படம் வரைஞ்சு வரணும்னா காசு வேற எங்கிருந்தாவது வரணும். 1926ல ஆரம்பிச்ச அன் கூம்ங்கற அரசுப் பதிப்பகம் இருக்கு, கால்வே பக்கம் ஸ்பிடல்ங்கற கடலோர ஊர்ல இருந்து ஃபுதா ஃபதான்னு ஒரு சின்னப் பதிப்பகம் வேலை பண்ணுது, இவங்களை மாதிரி ஆளுங்களுக்கு பொதுப் பணத்துல இருந்து உதவி போகுது. அச்சுப் புக்குக்கு அங்க வாட் வரி பூஜ்யம். 2019ல இருந்து பொது லைப்ரரில லேட் ஃபைன் கிடையாது. 2023ல இருந்து ஆரம்பப் பள்ளிப் பாடப் புக்கும் இலவசம்.

இப்ப நீங்க கேட்ட பட்டம். லாரியட் நா நோக்னு பேரு, 'நா நோக்'னா இளசுகளோடன்னு அர்த்தம், அவங்க புராணத்துல வயசே ஆகாத நாட்டுக்கும் அந்தச் சொல்லுதான். அயர்லாந்து அரசோட கலை அமைப்பான ஆர்ட்ஸ் கவுன்சில் 2010ல கொண்டு வந்தது, மொதல்ல ரெண்டு வருஷம், 2020ல இருந்து மூணு வருஷம். ஷிவான் பார்க்கின்சன் முதல் ஆள், அப்புறம் நீவ் ஷார்க்கி, ஓவன் கோல்ஃபர், பி.ஜே. லிஞ்ச், சாரா க்ராசன். ஆறாவதா வந்த ஆன்யா நீ க்ளின் ஐரிஷ் மொழில எழுதறவங்க, அந்தப் பதவிக்கு ஐரிஷ் மொழி எழுத்தாளர் வந்தது அதான் முதல் தடவை. பட்டம்னதும் சால்வை போட்டு உக்கார வைக்கறதுன்னு நினைச்சுட்டீங்க போல. அப்படி இல்ல, ஊர் ஊரா போகணும், ஸ்கூலுக்கும் லைப்ரரிக்கும் போகணும், பிள்ளைங்களோட உக்காந்து எழுதணும் வரையணும், அதுதான் அந்தப் பதவியோட வேலையே. 2023ல ஏழாவதா வந்த பட்ரிஷியா ஃபோர்ட் கால்வேக்காரங்க, ரெண்டு மொழிலயும் எழுதறவங்க. அவங்க 2015ல எழுதின நாவல்ல ஒரு ஊர், அங்க ஜனங்க பட்டியல்ல இருக்கற ஐநூறு வார்த்தையை மட்டும்தான் பேசலாம், மீதி வார்த்தையை எல்லாம் ஒரு சின்னப் பொண்ணு சேர்த்து வைக்கறா. ஒரு மொழி தேயறதைப் பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத்தான் இந்தக் கதை தோணும். இதை முயல் கதைன்னு ஒதுக்கிட்டா நஷ்டம் நமக்குத்தான்.

விருது விஷயத்துலயும் ஒண்ணு சொல்லணும். சில்ட்ரன்ஸ் புக்ஸ் அயர்லாந்துன்னு ஒரு அமைப்பு, தீவு முழுக்க, வடக்கு தெற்கு ரெண்டுக்கும் சேர்த்து வேலை பண்றது, வருஷா வருஷம் புத்தக விருது குடுக்குது. ஐரிஷ் புக், இங்கிலீஷ் புக் ரெண்டும் ஒரே வரிசைல போட்டி போடும். பெரியவங்க நடுவர் குழு ஒரு பக்கம், இன்னொரு பக்கம் ஸ்கூல்லயும் லைப்ரரிலயும் பிள்ளைங்க குழுவா சேர்ந்து கடைசிப் பட்டியல்ல இருக்கற புக் எல்லாத்தையும் படிச்சு, சண்டை போட்டு, ஓட்டுப் போடறாங்க, அவங்க தேர்ந்தெடுக்கற புக்குக்குத் தனி விருது உண்டு.

அதே அமைப்பு திருவிழா மாதிரி இடங்கள்ல புக் கிளினிக்னு ஒண்ணு வைக்கும். உள்ள ஒரு புக் டாக்டர் உக்காந்திருப்பாங்க. பிள்ளை தனியா போய் எதிர்ல உக்காரும், உனக்கு என்ன பிடிக்கும், கடைசியா எந்தப் புக்கைப் பாதில வச்சே, ஏன் வச்சேன்னு கேப்பாங்க, பேயா, ஃபுட்பாலா, சிரிப்பா, படம் நிறைய இருக்கணுமான்னு பொறுமையா கேட்டுட்டு மருந்துச் சீட்டு மாதிரியே ஒரு சீட்டுல அந்தப் பிள்ளைக்குன்னு புக் பேரு எழுதிக் குடுப்பாங்க. பிள்ளை அதைக் கையில பிடிச்சுக்கிட்டு லைப்ரரிக்கோ கடைக்கோ போகும். அந்தச் சீட்டுல எழுத அவங்க ஊர்ப் பேரும் அவங்க மொழிப் பேரும் இப்ப நிறையவே இருக்கு.