களி, கீரை, கொள்ளு: முதுமையில் அழற்சி குறைய என்ன சாப்பிடலாம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மூத்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளுக்கு, உணவு ஆலோசகராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரின் பதில்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை, பென்னாகரம்: எனக்கு உடலில் எங்கும் வீக்கம் இல்லை, ஐயா. பிறகு எதற்கு அழற்சியைக் குறைக்கும் உணவு?

முள் குத்திய விரல் சிவந்து வீங்குவதும் அழற்சிதான். அது உடலைக் காத்துவிட்டுச் சில நாட்களில் அடங்கிவிடும். நான் அஞ்சுவது, வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சியைத்தான். வயதோடு அது கூடுவதை இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃப்ரான்செஸ்கி 2000ஆம் ஆண்டில் தனிப் பெயரிட்டு விளக்கினார். மாரடைப்பு, சர்க்கரை நோய், தசை இழப்பு ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. தொப்பை, புகையிலை, தூக்கக் குறைவு, ஈறு நோய் ஆகியவை அதைத் தூண்டுகின்றன.

விவசாயி, கம்பைநல்லூர்: தினமும் ராகிக் கூழ் குடிக்கிறேன், சர்க்கரை குறையவே இல்லை. ராகி நல்லதில்லையா?

ராகி நல்ல தானியம்தான். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ள தானியம் நமக்கு வேறு இல்லை. ஆனால் மாவு நைசாக அரைபட்டு, கூழும் நீர்த்துவிட்டால், அதிலுள்ள மாவுச்சத்து விரைவாகச் சர்க்கரையாகிவிடும். அதைவிட முக்கியமானது, கூழுக்குத் துணையாக நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பது.

என் பாட்டி துடுப்பால் களி கிளறி, உருண்டை பிடித்துத் தட்டில் வைத்து, நடுவில் குழி செய்து கீரைக் கடைசலை ஊற்றுவார். குழி நிரம்பித் தட்டெல்லாம் பச்சையாக வழியும். அந்தக் கீரையும் விலைக்கு வாங்கியதில்லை. ராகிக் கொல்லையில் களை எடுக்கும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்த பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் தொய்யக்கீரையும் கலந்தது. மறுநாள் கொள்ளுக் கடைசல், அதற்கடுத்த நாள் அவரை. நாரும் புரதமும் அவற்றிலிருந்தே கிடைத்தன. அந்த நாரைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து, அழற்சியைத் தணிக்கும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. நாம் களியை மட்டும் வைத்துக்கொண்டு கடைசலை விட்டுவிட்டோம் என்பதே என் வருத்தம். கூழைக் குறைத்து, சிறிய களி உருண்டையும் இரண்டு கரண்டிக் கடைசலும் சாப்பிட்டுப் பாருங்கள்; மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஓசூரில் வேலை செய்யும் மகன்: அப்பாவுக்கு முழங்கால் வலி. மஞ்சள் மாத்திரை வாங்கித் தரலாமா?

மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம். மஞ்சளில், அழற்சியைத் தணிப்பதாகக் கருதப்படும் குர்குமின் என்ற பொருள் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். உடலும் அதை எளிதில் ஏற்பதில்லை, மிளகு சேர்ந்தால் ஓரளவு கூடுதலாக ஏற்கும். மாத்திரையிலோ அது பல மடங்கு செறிவாக இருப்பதால், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. மிளகும் மஞ்சளும் சேர்ந்த ரசம் தினமும் இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பகுதியில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி. அது எலும்பில் படிந்தும் மூட்டுகள் இறுகி வலிக்கும். அப்பா இத்தனை ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவர் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்; குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரையே பயன்படுத்துங்கள்.

மா விவசாயி, காவேரிப்பட்டணம்: மாம்பழம் சாப்பிடலாமா?

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், சாப்பாட்டு அளவைக் குறைத்துக்கொண்டு இரண்டு துண்டுகள் சாப்பிடலாம். சாறாகக் குடிக்க வேண்டாம்.

மகள், அரூர்: அம்மாவுக்கு வயது 78, எடை 50 கிலோ. பல் இல்லாததால் ரசம் சோறு மட்டுமே இறங்குகிறது.

உங்கள் கேள்விதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது, அம்மா. ரசம் சோற்றில் புரதம் மிகக் குறைவு. புரதம் குறைந்தால் தசை கரையும், தசை கரைந்தால் விழுவார்கள். அவர்களுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் கிடைக்கும் என்பதால், ஒரே வேளையில் நிரப்பிவிட முடியாது. காலையில் சாமைக் கஞ்சியில் பாசிப்பருப்பைக் குழைத்துக் கொடுங்கள். மதியம் நன்றாக மசித்த கொள்ளுக் கடைசலும் தயிரும், இரவு அவித்த முட்டையோ முள் நீக்கிய மீனோ இருக்கட்டும். சிறுநீரகக் குறைபாடு இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல் செட்டுக்கும் இந்த மாதமே அழைத்துச் செல்லுங்கள்.